350 ரூபாய் ரிப்பேர்: கடலூர் மாவட்டத்தில் ஒரு நாட்டுத் துப்பாக்கி வழக்கு

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 2023 தொடக்கத்தில் பதிவாகி, 2025-ல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பற்றிய குறிப்பு இது. துப்பாக்கி செய்ததாகக் கைதான லேத் பட்டறைக்காரருக்காக, இலவச சட்ட உதவி வழக்கறிஞராக நான் ஆஜரானேன். அவரிடமும், காயம்பட்ட இளைஞரின் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், காவல் நிலையம், நீதிமன்றம் எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கடலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் பண்ருட்டிப் பலாவும் நெய்வேலிச் சுரங்கமும்தான் நினைவுக்கு வரும். வேப்பூர், திட்டக்குடி பக்கம் வந்தால் நிலம் வேறு மாதிரி இருக்கும். மானாவாரி மக்காச்சோளம், பருத்தி, கிணறு இருந்தால் கரும்பு, நடுநடுவே காப்புக்காடு. மக்காச்சோளம் கதிர் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். பன்றி தின்பது கொஞ்சம், சாய்த்துவிட்டுப் போவதுதான் அதிகம். விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் தரையோடு கிடக்கும். அதனால் கதிர் முற்றும் வரை கொல்லையில் பரண் கட்டி, டார்ச் லைட்டும் தகர டப்பாவுமாக ராக்காவல் இருப்பார்கள்.

இந்த வழக்கின் விவசாயிக்கு மூன்றரை ஏக்கர். 2016-ல் போட்ட சோளத்தில் பாதி போனது. அடுத்த வருடம் பக்கத்து ஊர் லேத் பட்டறைக்காரரிடம் சொல்லி ஒரு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி செய்து வாங்கினார். பட்டறைக்காரருக்குக் கலப்பை, டிரெய்லர், பம்புசெட் வேலைதான் பிழைப்பு. அப்பா கொல்லர். ஊரில் இதை யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை. "பன்றிக்குத்தானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சட்டப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்தது. படைக்கலச் சட்டம் 1959-ன் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சொல்கிறது. ஆனால் அந்தத் துப்பாக்கியை உரிமம் பெற்றவரிடம் வாங்க வேண்டும். உரிமம் இருந்தாலும் பன்றியை நினைத்தபடி சுட முடியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத் தனியாக அனுமதி கேட்கும். விவசாயி இதில் எந்தக் கதவையும் தட்டவில்லை. தட்டலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

அந்த இரவு

2023 தை மாதம். விவசாயிக்குக் காய்ச்சல். காவலுக்கு 19 வயதுப் பையன் ஒருவனைச் சம்பளம் பேசி அனுப்பினார். தூரத்து உறவு, பையன் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். மருந்து கெட்டித்து வைத்திருந்த துப்பாக்கியையும் கையில் கொடுத்தார். "சும்மா சத்தம் காட்டு தம்பி, போதும்" என்று சொன்னதாக இருவருமே பின்னாளில் சொன்னார்கள்.

இரவு இரண்டு மணி சுமாருக்குப் பையன் சுட்டான். குழல் அவன் கையிலேயே வெடித்துப் பிளந்தது. இடது கையில் மூன்று விரல்கள் போயின, இடது கண்ணில் பார்வை போனது. விவசாயி காய்ச்சலோடு பைக்கில் வந்து அவனைத் தூக்கிப்போனார். முதலில் போன மருத்துவமனையில் பம்புசெட் மோட்டார் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். காயத்தில் கரியும் சிறு உலோகத் துணுக்குகளும் இருப்பதைப் பார்த்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அதை அப்படியே எழுதிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பினார். பையன் மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி போனான். காலையில் போலீஸ் வந்தபோது விவசாயி பொய்யைத் தொடரவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னார். இது அவருக்குப் பின்னால் உதவியது.

ஆனால் அன்றைக்கே போலீஸ் வண்டி முதலில் போன இடம் லேத் பட்டறை இல்லை, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த நரிக்குறவர் குடியிருப்பு. நான்கு பேரைக் கூட்டிவந்து சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். துப்பாக்கி எங்கே செய்தது என்று விவசாயி காலையிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த நான்கு பேர் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு வழக்குக் கட்டில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள் இல்லை என்பதால் நானும் அதைக் கேட்காமல் விட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

பட்டறையில் கிடைத்தவை

மூன்றாவது நாள் பட்டறைக்காரரைக் கைது செய்தார்கள். செய்தியில் "கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலை" என்று வந்தது. நான் போய்ப் பார்த்த பட்டறை 14 அடி நீளம், மேலே தகரம், உள்ளே ஒரு பழைய லேத், ஒரு வெல்டிங் செட், ஒரு டிரில்லிங் மெஷின். கைப்பற்றியவை மூன்று. ஒன்று லேத் மெஷின். இரண்டாவது, துப்பாக்கிக் கட்டைபோலப் பாதி செதுக்கிய ஒரு மரத்துண்டு. மூன்றாவது கணக்கு நோட்டுகள். வழக்கு முழுவதும் இந்த நோட்டுகளின் மேல்தான் நின்றது. விவசாயியின் பெயரில் 2017-ல் ஒரு வரி: "பைப்பு வேலை, பாக்கி 1,800". 2022 ஆடியில் இன்னொரு வரி: "ரிப்பேர் 350".

லேத்தை ஏன் எடுத்தார்கள் என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல்லுக்கு உள்ள விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரமும் அடங்கும். கலப்பைக் கொழு கடைகிற அதே லேத், அந்த விளக்கத்துக்குள் போய்விட்டது.

சட்டம் மாறியிருந்தது

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2019-ல் நாடாளுமன்றம் படைக்கலச் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு டிசம்பர் 14 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கு 25(1)(அ) பிரிவில் அதுவரை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தடைசெய்யப்பட்ட வகை ஆயுதம் என்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1 முதல் 3 ஆண்டு என்று இருந்தது 2 முதல் 5 ஆண்டு என்று ஆனது. ஆயுதக் கடத்தலுக்கும், கும்பலாகச் சேர்ந்து செய்யும் குற்றங்களுக்கும் புதிய உட்பிரிவுகள் வந்தன.

தண்டனை ஏறியதோடு விஷயம் முடியவில்லை. நடைமுறையும் சேர்ந்து மாறியது. பழைய சட்டப்படி இது நடுவர் நீதிமன்ற வழக்கு, புதிய சட்டப்படி அமர்வு நீதிமன்ற வழக்கு. பழைய சட்டத்தில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம் ஆனதும் அது 90 நாள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்வதற்குப் பதில் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்ற வழியும் இதற்கு அடைபட்டது.

இன்னொன்றையும் நான் அந்த வாரம்தான் உட்கார்ந்து கவனமாகப் படித்தேன். 25(1)(அ) "செய்தல்" என்று மட்டும் சொல்லவில்லை. செய்தல், விற்றல், கைமாற்றுதல், உருமாற்றுதல், பழுதுபார்த்தல், சோதித்தல் எல்லாமே ஒரே வரியில், ஒரே தண்டனையோடு இருக்கின்றன. கைமாற்றுதல் என்பதில் இரவல் கொடுப்பதும் சேரும். புதுத் துப்பாக்கி செய்து ரவுடிக்கு விற்பவருக்கும், தளர்ந்துபோன ஒரு பாகத்தை 350 ரூபாய்க்குச் சரிசெய்து கொடுப்பவருக்கும் குறைந்தபட்சம் ஒன்றுதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தவருக்கு, தக்க காரணம் எழுதி குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை தர நீதிபதிக்குச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. செய்தவருக்கும் பழுது பார்த்தவருக்கும் அந்த இடம் இல்லை.

கடுமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனின் கையைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. வயல் காக்க என்று செய்த குழல் மனிதன்மேல் திரும்பிய வழக்குகளும் இந்த மாவட்ட நீதிமன்றங்களுக்கு வந்திருக்கின்றன. ஆனால் கடுமை ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் அது அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். 2019-ல் தண்டனை மாறியதைப் பட்டறைக்காரர் தெரிந்துகொண்டது 2023-ல் ரிமாண்டுக்குக் கொண்டுபோன அன்று.

காவலில் கழிந்த நாட்கள்

கேப்பர் மலையில் உள்ள மத்திய சிறையில்தான் அவரை முதலில் பார்த்தேன். பேசியது ரொம்பக் குறைவு. பையனுக்குக் கண் வருமா என்று மூன்று தடவை கேட்டார்.

எப்.ஐ.ஆரில் பட்டறைக்காரர் முதல் எதிரி, விவசாயி இரண்டாவது, காயம்பட்ட பையன் மூன்றாவது. உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தான், பயன்படுத்தினான் என்று அவன்மேலும் பிரிவுகள் போட்டிருந்தார்கள். காகிதத்தில் அது தவறில்லை, துப்பாக்கி அவன் கையில்தான் இருந்தது. ஆனால் எதிரியாக நின்றால் அவன் வாயைத் திறக்க முடியாது, இழப்பீடு கேட்பதும் கடினம். அவன் அம்மாவுக்கு வேறொரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்யும்படி வட்ட சட்டப் பணிகள் குழுவில் சொன்னேன். என் கட்சிக்காரருக்கு எதிராக அவன் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் நான் அதில் தலையிடவே கூடாது. அந்த வழக்கறிஞர் கொடுத்த மனுவுக்குப் பிறகு, விசாரணை அதிகாரி அவனை எதிரிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சியாக்கினார். ஒரு இரவு சம்பளத்துக்குக் கையில் வாங்கியவன், துப்பாக்கியைத் தன் வசம் வைத்திருந்தவன் ஆகமாட்டான் என்பது அவர் எழுதிய காரணம். இந்த வழக்கில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அது எங்கள் தரப்புக்கு எதிராகத்தான் வேலை செய்தது.

குற்றப்பத்திரிகை 86-வது நாள் தாக்கலானது. தடய அறிவியல் துறையின் அறிக்கை வர வேண்டியிருந்தது. விவசாயிமேல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு வழக்கு நடத்த 39-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வேண்டும். செய்தவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. பழைய சட்டம் இருந்திருந்தால் 61-வது நாள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார். 104-வது நாள்தான் ஜாமீன் கிடைத்தது. அதற்குள் பட்டறை வாடகை மூன்று மாதம் ஏறியிருந்தது. பெரிய மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

நோட்டும் தேதியும்

குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது தேதிகளை. துப்பாக்கி செய்தது எப்போது என்று அதில் எங்குமே இல்லை. "பல ஆண்டுகளாகச் செய்துவந்தார்" என்று மட்டும் இருந்தது, பிரிவு மட்டும் திருத்தப்பட்ட புதியது. அரசியலமைப்பின் 20(1) தெளிவானது: குற்றம் செய்த நாளில் எந்தச் சட்டம் அமலில் இருந்ததோ, அதில் சொன்ன தண்டனைக்கு மேல் கொடுக்கக் கூடாது. 2017-ல் செய்த துப்பாக்கிக்கு 2019-ன் திருத்தம் பொருந்தாது.

இதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. "2017-ல் செய்தது" என்று நாங்கள் வாயைத் திறந்தால், செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாமல் விட்டால், ஏழு ஆண்டுக்குக் குறையாத பிரிவில் விசாரணை ஓடும். இரண்டு வாரம் யோசித்தேன். சீனியர் ஒருவர் சொன்ன வழியில் போனோம். நோட்டை நாங்கள் தாக்கல் செய்யவில்லை, அரசுத் தரப்புதான் செய்திருக்கிறது. அப்படியென்றால் அதிலுள்ள தேதியும் அவர்களுடைய சான்றுதான். செய்தோம் என்றோ செய்யவில்லை என்றோ சொல்லாமல், "உங்கள் சான்றின்படியே இது எந்த வருடம்?" என்று மட்டும், எந்தக் குற்றங்களுக்கு விசாரணை என்று நீதிபதி முடிவு செய்து குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் கேட்டோம்.

அரசு வழக்கறிஞர் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். 2022 ஆடி, ரிப்பேர் 350. பழுதுபார்த்தலும் அதே பிரிவுதான், தேதி திருத்தத்துக்குப் பிந்தையது. நீதிபதி இரண்டு குற்றச்சாட்டு வனைந்தார். 2017-ல் செய்ததற்குப் பழைய தண்டனை, 2022-ல் பழுது பார்த்ததற்குப் புதிய தண்டனை.

அன்று நீதிமன்ற வராந்தாவில் பட்டறைக்காரர் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "செஞ்சதுக்கு மூணு வருஷம், சரி பண்ணினதுக்கு ஏழு வருஷமா சார்?"

ஆமாம் என்று சொன்னேன். வேறு பதில் சட்டத்தில் இல்லை.

விசாரணையும் தீர்ப்பும்

பையன் சாட்சிக் கூண்டில் நேராகப் பேசினான். யார்மேலும் கோபமாகப் பேசவில்லை. துப்பாக்கியை ரிப்பேர் செய்து வந்ததாகப் பெரியப்பா சொன்னது தெரியும், தான் பார்க்கவில்லை என்றான். 2017-ல் பட்டறையில் வேலைக்கு இருந்த ஒருவர், முதலாளி குழல் கடைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

வெடித்துப் பிளந்த குழல் இனி சுடாது, ஆகவே அது துப்பாக்கியே இல்லை என்று வாதாடிப் பார்த்தோம். பாகமும் ஆயுதம்தான் என்ற விளக்கத்தின் முன் அது நிற்கவில்லை, நிற்கும் என்று நானும் பெரிதாக நம்பவில்லை. வலுவாக நின்றது பழுதுபார்த்தல் பற்றிய வாதம். "ரிப்பேர் 350" என்ற வரியில் எதை ரிப்பேர் செய்தார் என்று இல்லை. அதே நோட்டில் அதே விவசாயிக்குத் தெளிப்பான், பம்புசெட் ரிப்பேர் என்று ஒன்பது வரிகள் இருந்தன. குழலில் புதிதாக வேலை நடந்ததா என்று தடய அறிவியல் அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. யாரும் அந்தக் கேள்வியை அனுப்பவே இல்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. உடன் எதிரியான விவசாயி போலீசில் சொன்னதை வைத்துத் தண்டிக்க முடியாது. பாதி செதுக்கிய மரத்துண்டு எப்போது செதுக்கியது என்றும் நிரூபணமாகவில்லை.

2025-ல் தீர்ப்பு. துப்பாக்கி செய்த குற்றத்தில் பட்டறைக்காரருக்குப் பழைய சட்டத்தின் குறைந்தபட்சமான 3 ஆண்டு, சிறையிலிருந்த 104 நாள் கழித்துக்கொள்ளலாம். பழுதுபார்த்த குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. துப்பாக்கியைக் கைப்பற்றிய நாள் வரை வைத்திருந்ததால் விவசாயிக்குப் புதிய சட்டம். குறைந்தபட்சம் 2 ஆண்டு என்றாலும், பையனை உடனே தூக்கிப்போனதையும் உண்மையைச் சொன்னதையும் காரணமாக எழுதி, நீதிபதி 1 ஆண்டாகக் குறைத்தார். கவனக்குறைவால் கொடுங்காயம் விளைவித்ததற்கும் தண்டனை உண்டு, இரண்டும் ஏககாலத்தில். துப்பாக்கியைப் பையன் கையில் கொடுத்ததை "கைமாற்றுதல்" என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் அவர் நிலைமை வேறு.

அதன் பிறகு

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. லேத் இன்னும் நீதிமன்றப் பொறுப்பில் கிடக்கிறது. பட்டறைக்காரர் வேறொருவர் கடையில் கூலிக்கு வெல்டிங் செய்கிறார்.

பையனுக்குப் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் ஒரு தொகை கிடைத்தது. ஆனால் மனு போட்டதே சம்பவம் நடந்து பதினாலு மாதம் கழித்து. அதற்குள் அவன் அம்மா புதுச்சேரிக்கும் ஊருக்கும் அலைந்த செலவுக்குத் தோட்டை அடகு வைத்திருந்தார். வழக்கு முடியும்வரை இழப்பீட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் படித்த நாங்கள் அத்தனை பேர் அந்த வழக்கில் இருந்தும் முதல் மாதத்தில் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

காட்டுப்பன்றி விஷயத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இந்த விவசாயியின் கொல்லை காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதனால் அவருக்கு அதில் பலன் இல்லை. இப்போது அந்த நிலத்தில் சோளம் போடுவதில்லை.

மறுபடி இப்படி ஒரு வழக்கு வந்தால்

முதல் நாளே தேதியைக் கேட்பேன். எது எப்போது செய்தது, எப்போது கை வைத்தது என்பதைத் தனித்தனியாக. ரிமாண்ட் அன்றே 20(1)-ஐ எழுப்பியிருந்தால் 60 நாள், 90 நாள் என்ற கணக்கையாவது வாதத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். அதை நான் தவறவிட்டேன்.

விவசாயி என்னிடம் பிறகு சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. கல்வராயன் மலைப் பக்கம், உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசார் அறிவித்ததை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஒருமுறை சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊர் எல்லை வரை போயிருக்கிறார். நம் மாவட்டத்துக்கு அது பொருந்துமா, கொண்டுபோனால் உள்ளே வைத்துவிடுவார்களா என்று பயந்து திரும்பிவிட்டார். கேட்டுத் தெளிவதற்கு அவருக்கு ஓர் ஆள் இல்லை. ஊர்த் தலைவர் முன்னிலையில், வழக்கறிஞர் ஒருவரும் உடனிருக்க ஒப்படைக்கும் ஏற்பாடு அறுவடைக்கு முந்தைய மாதத்தில் ஒவ்வோர் ஊராட்சியிலும் நடக்க வேண்டும் என்று சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பழுதுபார்த்தலையும் செய்தலையும் ஒரே குறைந்தபட்சத்தில் வைத்தது தவறு என்பது என் கருத்து. அல்லது, வைத்திருந்தவருக்கு உள்ளதுபோல இங்கும் காரணம் எழுதிக் குறைக்க நீதிபதிக்கு இடம் வேண்டும். அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். அதுவரை எங்களால் முடிந்தது, நாங்கள் நான்கு வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு பக்க நோட்டீஸ் தமிழில் அடித்து, வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வரை ரோட்டோரம் உள்ள லேத், வெல்டிங் பட்டறைகளில் ஒட்டி வருகிறோம். 7 ஆண்டு, ஆயுள் என்ற எண்ணிக்கைகளுக்கு மேலே, "செய்தாலும்" என்பதற்குப் பக்கத்தில், "ரிப்பேர் செய்தாலும்" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.